கடலோர வீட்டில் ஒரு வேலை மூலை: மேசை வாங்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

வீட்டிலிருந்து வேலை பார்க்க என்ன மேசை வாங்கலாம், எந்த நாற்காலி நல்லதுன்னு கேட்கிறவங்க நிறைய. நான் பதிலுக்கு மூணு கேள்வி கேட்பேன். உங்க உயரம் என்ன? ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்து இருக்கு? கடல் எவ்வளவு தூரம்? மூணாவது கேள்விக்குச் சிரிப்பாங்க. ஆனா மாமல்லபுரம் பக்கம் ரெண்டு மழைக்காலம் ஒரு கம்ப்யூட்டரை வெச்சுக் காப்பாத்தினவங்க சிரிக்க மாட்டாங்க.

நான் இருப்பது மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள். என் தங்கை இருப்பது செங்கல்பட்டு டவுனில், கொளவாய் ஏரிப் பக்கம், வாடகை வீட்டில். ரெண்டு ஊருக்கும் நடுவே 30 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனா ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி வேலை அறை அமைச்சா ரெண்டில் ஒன்று நிச்சயம் தப்பாகப் போகும். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்குள் வேலை, இந்தப் பக்கத்தில்

வீட்டில் வேலைக்கு இடம் ஒதுக்குவதை இந்த வட்டாரத்துக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டைப் பாருங்க. குழித்தறி என்றால் தரையில் ஒரு குழி. நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கட்டையை மிதிப்பார். ஒரு தடவை போட்டால் அந்த இடத்தை நகர்த்த முடியாது. அதனால வெளிச்சம் எங்கிருந்து வரும், ஆள் எந்தப் பக்கம் நடப்பாங்க, பாவு எவ்வளவு நீளத்துக்கு ஓடும் என்று எல்லாத்தையும் முதலிலேயே யோசிச்சாகணும். வீடு தறியைச் சுற்றித்தான் இருக்கும். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போனால், நெசவாளர் வீடு, வணிகர் வீடு, குயவர் வீடு என்று தொழிலுக்கு ஏற்ப வீடு எப்படி மாறுகிறது என்பதை ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம்.

அங்கிருந்து வடக்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் கடற்கரை மணல் நிலத்தை வாங்கி, வீடும் வேலை செய்யும் இடமும் ஒன்றாக இருக்கும்படி கட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்கள் இன்னும் அப்படித்தான்: மேலே நிழலுக்கு ஒரு கூரை, பக்கவாட்டில் திறப்பு. வெளிச்சம் உள்ளே வரணும், கல்தூசி வெளியே போகணும்.

இவங்க யாரும் முதலில் மேசை வாங்கவில்லை. உடம்பையும் வெளிச்சத்தையும் காற்றையும் பார்த்து இடத்தை முடிவு செய்தார்கள். நமக்கும் அந்த வரிசைதான் சரி.

முதல் அளவு: உடம்பு

கடையில் கிடைக்கும் மேசையின் உயரம் பெரும்பாலும் 75 செ.மீ. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 செ.மீ., ஆண்களுக்கு 165. அந்த 75 செ.மீ. மேசை இந்த ரெண்டு பேருக்காகவும் செய்ததில்லை. நம்ம ஆட்களின் உடல் அளவுகளைத் தொகுத்து, வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும்படி தேபகுமார் சக்ரவர்த்தி எழுதிய புத்தகத்தை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இலேயே வெளியிட்டுவிட்டது. ஆனாலும் கடை மேசை குறையவில்லை.

என் தங்கை 152 செ.மீ. வாரத்தில் மூணு நாள் வீட்டிலிருந்து வேலை. சாப்பாட்டு மேசையில்தான் லேப்டாப். ஒரு வருஷத்தில் வலது கை சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போக ஆரம்பிச்சுது. ராத்திரி தூக்கத்தில் கையை உதறிக்கொண்டே எழுந்திருப்பாள். டாக்டர் முழங்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எதுமேல கையை ஊன்றி வேலை பார்க்கறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, வேலையை விட முடியாது. "அக்கா, சேர் மாத்தினா சரியாகுமா?" என்றாள். டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

அளக்கும் முறை சுலபம். பாதம் முழுசாகத் தரையில் படும்படி உட்காருங்க. முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் மடிப்பிலிருந்து தரை வரை ஒரு அளவு. அதுதான் இருக்கையின் உயரம். தோளைத் தளர்த்தி, கையை உடம்போடு ஒட்டி, முழங்கையை மடக்குங்க. இருக்கையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை இன்னொரு அளவு. ரெண்டையும் கூட்டினால் கீபோர்டு இருக்க வேண்டிய உயரம் கிடைச்சிடும்.

தங்கைக்கு முதல் அளவு 39, ரெண்டாவது 21. மொத்தம் 60 செ.மீ. அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்த மேசை 75. அதாவது நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டும், முழங்கையை மரவிளிம்பில் அழுத்திக்கொண்டும் வேலை. முழங்கையின் உள்பக்கம் தோலுக்கு ரொம்பக் கிட்டத்தில் ஒரு நரம்பு போகிறது. இடித்துக்கொண்டால் 'சுர்'ரென்று ஷாக் அடிக்குமே, அதுதான். அந்த ரெண்டு விரலுக்கும் உணர்ச்சி அது வழியாகத்தான்.

இதுக்கு ரெண்டு வழி. ஒன்று, நாற்காலியை 15 செ.மீ. உயர்த்திக் காலுக்குக் கீழே அதே உயரத்துக்குப் பலகை போடுவது. வாடகை வீடு, பொது மேசை என்றால் இதுதான் நடக்கும். ரெண்டாவது, மேசைக் காலை அறுப்பது. பரணில் கிடந்த பழைய மரமேசை ஒன்றைத் தச்சர் அரைமணி நேரத்தில் 60 செ.மீ. ஆக்கிக் கொடுத்தார். இழுப்பறையையும் எடுத்துவிடச் சொன்னேன். மேசை தாழ்ந்தபோது தொடைக்கு இடம் வேணும். இழுப்பறை இருந்தால் இடிக்கும்.

திரை விஷயம் தனி. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், கை நீட்டும் தூரத்தில் இருக்கணும். லேப்டாப்பில் கீபோர்டும் திரையும் ஒட்டிக்கொண்டே இருப்பதால் ஒன்று சரியானால் மற்றது தப்பாகும். தனி கீபோர்டு ஒன்று வாங்கி, லேப்டாப்பை நாலு தடிப் புத்தகத்தின்மேல் ஏற்றினால் போதும். விலை உயர்ந்த நாற்காலி செய்வதைவிட இந்த ஒன்று கழுத்துக்கு அதிகம் செய்யும்.

இரண்டாவது: வெயில் வரும் திசை

மாமல்லபுரம் வட அட்சரேகை 12.6 பாகையில் இருக்கு. இதிலிருந்து ஒரு விஷயம் வருது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் 20 வாக்கில் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். "வடக்கு ஜன்னலில் நடுப்பகல் வெயிலே வராது" என்பது டெல்லிக்காரங்களுக்குச் சரி, நமக்கு இல்லை. ஜூனில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கும்; காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் நுழையும். ஆனா நடுப்பகலில் அது கிட்டத்தட்ட தலைக்கு மேலே, 79 பாகை உயரத்தில். அதனால ஒரு அடி சன்ஷேடே அஞ்சடி ஜன்னலுக்கு நிழல் கொடுத்துவிடும்.

தெற்கு ஜன்னல் டிசம்பரில் சோதிக்கும். நடுப்பகலிலேயே சூரியன் 54 பாகைதான். ரெண்டடி சன்ஷேடு போட்டாலும் ஜன்னலின் மேல் ரெண்டே முக்கால் அடிக்குத்தான் நிழல். மிச்சம் மேசைமேல் விழும்.

கிழக்கு ஜன்னல் கடலோர வீட்டின் பெருமை, வேலை செய்கிறவருக்குப் பிரச்சினை. உதிக்கிற சூரியன் கீழே இருப்பதால் சன்ஷேடு பயன்படாது; கடல்நீரில் பட்ட வெளிச்சமும் சேர்ந்து கண்ணுக்கு வரும். மூங்கில் தட்டி மாதிரி செங்குத்தாகத் தொங்கும் மறைப்புதான் வேலைக்காகும். பத்து மணிக்கு மேல் சுருட்டிவிடலாம்.

எந்தத் திசையானாலும் ஜன்னல் உங்களுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கணும். முன்னால் இருந்தால் பளீர் வெளிச்சத்துக்கும் மங்கலான திரைக்கும் நடுவே கண் திணறும். பின்னால் இருந்தால் திரையில் ஜன்னல் தெரியும், மீட்டிங்கில் உங்க முகம் கருப்பாகத் தெரியும். கடல் பார்த்தபடி மேசை போடணும்னு எல்லாருக்கும் ஆசை. கடலைப் பார்க்க ஒரு நாற்காலி தனியாகப் போட்டுக்கொள்ளலாம். தூரத்தை அடிக்கடி பார்ப்பது கண்ணுக்கும் நல்லதுதான்.

மூன்றாவது: காற்றும் உப்பும்

மார்ச் முதல் மே வரை பகலில் கடல்காற்று எழும்பும். ஜூன், ஜூலையில் மேற்குக்காற்று பலமாக இருப்பதால் கடல்காற்று தாமதமாக வரும். அதுவரை சூடு ஏறிக்கொண்டே இருக்கும். செங்கல்பட்டு டவுனுக்கு இந்தக் காற்று வந்து சேர இன்னும் நேரமாகும், வேகமும் குறைஞ்சிருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்று மழையைக் கிழக்கு, வடக்கு ஜன்னல் வழியாக உள்ளே அடிக்கும். மேசையை அந்த ஜன்னலிலிருந்து மூணடியாவது தள்ளிப் போடுங்க. காற்று உள்ளே வர ஒரு வழி இருந்தால் போதாது, வெளியே போகவும் வழி வேணும். எதிர்ச்சுவரில் ஜன்னல் இல்லாவிட்டால் கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டராவது இருக்கட்டும்.

இனி உப்பு. கடல்காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் மிதந்து வந்து எல்லாத்தின் மேலும் படியும். காய்ந்த உப்பு பெரிசா எதுவும் செய்யாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதுக்கும் ரொம்ப முன்னாலேயே, 33 சதவீத ஈரத்திலேயே ஈரமாகும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே கதைதான் உங்க கம்ப்யூட்டர் போர்டு மேலும் நடக்குது. ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும்.

கல்லையே அது விடுவதில்லை. கடற்கரைக் கோயில் கல்லில் ஏறிய உப்பை எடுக்க, தொல்லியல் துறை காகிதக்கூழை அதன்மேல் அப்பிக் காயவைத்து உரிக்கும். கூழ் காயும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். கோயிலைச் சுற்றிச் சவுக்கு வளர்த்ததும் காற்றைத் தடுக்கத்தான்.

நம்ம மேசைக்கு அவ்வளவு வேண்டாம். ஆனா சில பழக்கம் வேணும்.

தூசி தட்டினால் உப்பு போகாது. லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைக்கணும்.

கருவியைத் தினமும் ஓடவிடுங்க. 30 டிகிரியில் 80 சதவீதம் ஈரம் இருக்கும் காற்று, ஓடும் கம்ப்யூட்டருக்குள் 35 டிகிரிக்குச் சூடானால் ஈரம் 60 சதவீதமாக இறங்கிவிடும். மாசக்கணக்கில் மூடி வெச்ச கருவிதான் முதலில் போகும். அப்படி வைத்துத்தான் ஆகணும் என்றால் இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்க.

ஏ.சி. அறையில் 24 டிகிரியில் இருந்த லேப்டாப்பைச் சட்டென்று வராந்தாவுக்கு எடுத்துப்போகாதீங்க. வெளியே 32 டிகிரியும் 75 சதவீத ஈரமும் இருந்தால், 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள்மேலும் தண்ணீர் முத்து முத்தாகப் படியும். பையில் போட்டு அரைமணி விட்டு எடுங்க.

பொருள் தேர்வும் இதை வைத்துத்தான். இரும்புக் கால் மேசையில் பெயின்ட் எவ்வளவு நல்லா இருந்தாலும் திருகு ஏறின ஓட்டையில் துரு ஆரம்பிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 316 ரகம் கேளுங்க. அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் சாதாரண 304ஐ விட உப்பைத் தாங்கும். பார்ட்டிகிள் போர்டு ஈரத்தில் ஊதிப்போகும், வேண்டாம். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை பாருங்க, அதுதான் கொதிநீர் தாங்கும் மரைன் ரகம். 303 முத்திரையில் சாதாரண ரகமும் வரும். என் மேசை, ஒரு பழைய தேக்குக் கதவு. ரெண்டு செங்கல் திண்டின்மேல் படுக்கவைத்திருக்கிறேன். அலமாரிக்குக் கடப்பாக்கல்: துருவும் இல்லை, கரையானும் இல்லை. தாழ்ப்பாள், கீல் எல்லாம் பித்தளை.

செங்கல்பட்டு தங்கை வீட்டுக்கு இதில் பாதி தேவையே இல்லை. உப்பு கடலோரத்தில்தான் அதிகம். உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். அங்கே எதிரி மொட்டைமாடி.

நான்காவது: சூடும் மின்சாரமும்

மேல்மாடி அறையில் கான்கிரீட் கூரை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் உள்ளே இறக்கும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு ராத்திரி வேலை பார்க்கிறவங்க படுவது இந்தச் சூடுதான். பழைய வீடுகளில் சுண்ணாம்பு ஜல்லி போட்டு மேலே தட்டோடு பதிச்சது இதுக்காகத்தான். வாடகை வீட்டில் அதெல்லாம் நடக்காது. ஆனா வெள்ளை எதிரொளிப்புப் பெயின்ட் அடிக்கச் சொந்தக்காரர் பெரும்பாலும் மறுக்க மாட்டார். மேற்குச் சுவரை ஒட்டி மேசை போடாதீங்க. அங்கே துணி அலமாரி நிற்கட்டும்.

1 டன் ஏ.சி. சராசரியாகப் பாதித் திறனில் ஓடினாலும் ரெண்டு மாசத்துக்கு, நாளுக்கு 8 மணி நேரம் என்று பார்த்தால், 200 யூனிட் சேரும். நம்ம பில் அடுக்கு அடுக்காக ஏறுவது, அதனால இந்த 200 யூனிட் மேல் அடுக்கின் விலையில் விழும். முதலில் ஃபேனை மாற்றுங்க. பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்.

இதன் பலன் கரண்ட் போகும்போது இன்னும் தெரியும். 2016 டிசம்பரில் வர்தா, 2022 டிசம்பரில் மாமல்லபுரம் பக்கத்திலேயே கரையேறிய மாண்டஸ், 2023இல் மிக்ஜாம் என்று இந்தக் கரைக்குப் புயல் புதுசில்லை. 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1800 வாட்-மணி இருக்கு. பாதிதான் செலவழிக்கணும், மாற்றும்போது கொஞ்சம் வீணாகும்; கைக்கு 720 என்று வைத்துக்கொள்ளலாம். லேப்டாப் 60, ரவுட்டர் 10, விளக்கு 10, பழைய ஃபேன் 75 என்றால் நாலரை மணி நேரம். புது ஃபேன் என்றால் ஆறரை மணி நேரம். ஒரு ஷிப்டு முடிச்சிடலாம். ஃபைபர் இணைப்பு அறுந்தால் செல்போன் நெட் வேணும், அதுவும் வேறு கம்பெனியுடையதாக.

வீட்டில் ஆபீஸ் வைத்தால் வணிகக் கட்டணம் போட்டுவிடுவாங்களோ என்று பலருக்குப் பயம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகளில், தொழில்முறையாளர் தன் வீட்டோடு சேர்த்து வைத்திருக்கும் 200 சதுர அடிக்கு உட்பட்ட ஆலோசனை அறையும், நெசவாளர் வீட்டுக் கைத்தறியும் வீட்டு இணைப்புப் பிரிவிலேயே சொல்லப்பட்டிருக்கு. ஆள் வைத்து, பலகை மாட்டி நடத்துவது வேறு. அப்போ மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐந்தாவது: வீட்டு மனுஷங்க

இதை அளக்க டேப் கிடையாது, ஆனா இதுதான் கஷ்டம். சாப்பாட்டு மேசையில் வேலை பார்த்தபோது தங்கை தினமும் ஒரு மணிக்கு எல்லாத்தையும் எடுத்து வைத்துவிட்டு, ரெண்டு மணிக்குத் திரும்பப் பரப்பணும். கீபோர்டு, புத்தக அடுக்கு, கால்பலகை என்று எதுவும் நிரந்தரமாக இருக்க முடியாது. நான் சொன்ன அளவுகள் ஒன்றுமே நிற்காது. "வீட்டிலதானே இருக்க, கொஞ்சம் பாலைப் பார்த்துக்கோ" என்று அவள் அத்தை சொல்வதில் கெட்ட எண்ணம் இல்லை. அடுப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே சுவரே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறவள் வேலையில் இருக்கிறாளா, சும்மா இருக்கிறாளா என்பது பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அறை கிடையாது. படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நாலடி இருந்தது. அறுத்த மேசையை அங்கே போட்டோம், பக்கவாட்டில் வடக்கு ஜன்னல். முதுகுக்குப் பின்னால் சுவரில் தடி ஜமுக்காளம் ஒன்றைத் தொங்கவிட்டோம். கான்கிரீட் அறையின் எதிரொலி பெரும்பகுதி அடங்கிவிட்டது. குக்கர் விசில், கோயில் ஸ்பீக்கர், தெருவில் போகும் பஸ் இதையெல்லாம் நிறுத்த முடியாது. ஆனா மைக்கை வாய்க்குப் பாதி தூரத்துக்குக் கொண்டுவந்தால் உங்க குரல் 6 டெசிபல் உயரும், வெளிச்சத்தம் அப்படியே இருக்கும். வயர் ஹெட்செட் ஒன்று போதும்.

கதவில் ஒரு திரை. திரை மூடியிருந்தால் மீட்டிங், திறந்திருந்தால் கூப்பிடலாம். இந்த ஏற்பாட்டைச் சொன்னதே அத்தைதான். கையில் மரத்துப்போவது ரெண்டு மாசத்தில் குறைந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்துகொண்டிருக்கிறாள்.

கையில் இருக்கிற காசு கொஞ்சம்தான் என்றால் நான் செலவழிக்கும் வரிசை இது: தனி கீபோர்டு, மேசை உயரம் சரிசெய்ய தச்சர் கூலி அல்லது கால்பலகை, மூங்கில் தட்டி, ஃபேன், பேட்டரி. நாற்காலி அதுக்கப்புறம். ஏ.சி. கடைசி. வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம், காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு அந்த மூலையில் போய் உட்கார்ந்து பாருங்க. வெயில் எங்கே விழுது, காற்று எங்கிருந்து வருது, யார் குறுக்கே நடக்கிறாங்க என்று ஒரு தாளில் குறிச்சுக்கோங்க. தச்சரிடம் அந்தத் தாளையே கொடுத்துவிடலாம்.